தராசு யாருடையது? பரந்தன் நிலத்தைத் துப்பரவாக்கும்போது ஊர் எங்கே நிற்பது

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்கப் போகிற எங்கள் ஆட்களுக்கு ஈரப்பதன் 14 சதவீதம் என்ற கணக்கு மனப்பாடம். வீட்டு முற்றத்திலும் தார் ரோட்டு ஓரத்திலும் காயவைத்து, ஒரு நெல்லைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்து, ‘நொறுக்’கென்று உடைந்தால்தான் மூட்டை கட்டுவார்கள். வாங்க வருபவர் தன்னுடைய மெஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்ப்பார். ‘பதினாறு காட்டுது ஐயா, மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிப்பம்’ என்பார். மெஷின் அவருடையது, தராசும் அவருடையது. எவ்வளவு கழிவு என்பதும் அவர் வாயிலிருந்துதான் வரும்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை நிலத்தைப் பற்றி யாராவது கதை எடுத்தால் எனக்கு அந்த மெஷின்தான் ஞாபகம் வருகிறது.

தொழிற்சாலையின் கதை வன்னியில் பலருக்கும் தெரிந்ததுதான். 1950களில் அரசாங்கம் தொடங்கியது. ஆனையிறவு உப்பு பக்கத்தில் கிடைத்தது. உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். சவர்க்காரத்துக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் அவை போயின. பிறகு சண்டை வந்தது, உற்பத்தி நின்றது. இப்போது காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் என்று மூன்று இடங்களைச் சேர்த்துக் கைத்தொழில் வலயம் என்று அரசாங்கம் பேசுகிறது. வரட்டும். தோட்டமும் வயலும் எல்லாப் பிள்ளைகளையும் தாங்காது, வேலை வேண்டும். ஆனால் பழைய நிலத்தில் புதிய கட்டடம் எழும்புவதற்கு முன்னர் மண்ணைச் சோதிக்க வேண்டும், அழுக்கு இருந்தால் எடுக்க வேண்டும். அந்த வேலையை யார் பார்த்துக்கொள்வது என்ற முடிவை ஊர் இப்போதே எடுத்து வைத்திருப்பது நல்லது.

மண்ணில் நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எரிசோடா, குளோரின் செய்த எந்தப் பழைய நிலத்திலும் பார்க்க வேண்டியவை சில உண்டு, அவ்வளவுதான். உப்புக் கரைசலை மின்பகுக்க அந்தக் காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாதரசக் கலம், மற்றது கல்நார்த் தடுப்பு வைத்த கலம். கல்நார் என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் கூரைச் சீற்றில் இருக்கிற அஸ்பெஸ்டஸ்தான். இன்றைக்குப் புதிதாகக் கட்டுபவர்கள் பயன்படுத்தும் மென்சவ்வு முறை பின்னால் வந்தது. ஆகவே சோதனைப் பட்டியலில் பாதரசமும் கல்நாரும் இரண்டுமே இருக்க வேண்டும். பழைய காரீயத் தண்டு (ஈயமல்ல, பென்சில் கரி) மின்வாய்கள் குளோரினோடு தேயும்போது உண்டாகும் டயொக்சின் வகை நச்சுச் சேர்மங்கள், பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய், உப்புக் கரைசலைத் தெளிய வைத்தபின் அடியில் தங்கும் சேறு ஆகியவையும் இருக்க வேண்டும். இவற்றுக்கு மேலாலே எங்களுக்கே உரிய ஒன்று உண்டு: வெடிக்காத குண்டுகள்.

சரி, ஊருக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதலாவது, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை, பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அந்த அறிக்கையைப் பார்த்துப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யாராவது எழும்பிக் கேள்வி கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு கடிதம் போட்டால் பதில் தந்தாக வேண்டும்.

எனக்கும் இந்தச் சட்டத்தில் நம்பிக்கை உண்டு. ஆனால் இந்த வேலைக்கு அது காணாது. காரணம் நாள்கணக்கு. பாதரசத்துக்காக எடுத்த நீர் மாதிரியை அமிலம் சேர்த்துப் பத்திரமாக வைத்தாலும் 28 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும் என்பது ஆய்வுகூடங்களின் வழமை. தகவல் கேட்டு நீங்கள் கடிதம் கொடுத்தால், தருவதா இல்லையா என்று முடிவெடுக்க அவர்களுக்கு 14 வேலை நாள். நடுவில் சனி, ஞாயிறு, போயா எல்லாம் வரும். தருவதாக முடிவெடுத்தபின் கொடுக்க இன்னும் 14 நாள். தேவையென்றால் அதற்கு மேலே 21 நாள் வரை நீட்டலாம். எல்லாம் சட்டப்படி ஒழுங்காக நடந்து அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, அந்தப் போத்தலுக்குள் இருக்கும் தண்ணீரை மறுபடி சோதித்து ஒரு பிரயோசனமும் இல்லை. குழியும் மூடியிருக்கும். பழைய ஆவணங்களை எடுக்க இந்தச் சட்டம் அருமையான ஆயுதம். தொழிற்சாலையின் வரைபடம் வேண்டும், எந்தக் கலம் பாவித்தார்கள் என்ற பதிவு வேண்டும் என்று இன்றைக்கே எழுதலாம், எழுத வேண்டும். நடக்கிற வேலையைக் கண்காணிக்க அது உதவாது.

இரண்டாவது, குழு. கூட்டம் போடுவார்கள், பிரதேச செயலாளர் தலைமை தாங்குவார், நிலத்துக்குப் பொறுப்பானவர்கள் வருவார்கள், துப்பரவு செய்கிற கம்பனி படம் போட்டுக் காட்டும், ஊரிலிருந்து ஐந்தாறு பேருக்குக் கதிரை கிடைக்கும். தேநீரும் றோல்ஸும் வரும். வன்னியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர்தான் கோயில் பரிபாலன சபையிலும் இருப்பார், கமக்காரர் அமைப்பிலும் இருப்பார், பள்ளிக்கூட அபிவிருத்திக் குழுவிலும் இருப்பார். ஐந்து சங்கத்துக்கு ஐந்து கதிரை கொடுத்தாலும் வந்து இருப்பவர்கள் இரண்டு பேராக இருக்கக்கூடும். அவர்கள் நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கிணற்றடியில் வாடை மாறினால் முதலில் தெரிவது தண்ணீர் அள்ளுகிற பெண்ணுக்கு. நீரேரியில் இறால் குறைந்தால் முதலில் தெரிவது வலை போடுபவருக்கு. அவர்கள் இல்லாத குழுவுக்கு நிலத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

குழுவின் பெரிய குறை அதுவும் இல்லை. அங்கே எங்கள் கையில் ஒன்றும் இருக்காது என்பதுதான். அவர்கள் கொண்டுவந்த இலக்கத்தை நாங்கள் கேட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டு வருவோம். பிறகு யாராவது கேள்வி எழுப்பினால் ‘ஊர்ப் பிரதிநிதிகள் பங்குபற்றிய கூட்டத்தில் தெரிவிக்கப்பட்டது’ என்று அந்தக் கையெழுத்தைக் காட்டுவார்கள்.

இலக்கங்களோடு தனியே விடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கிலேயே பாடம் இருக்கிறது. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தபோது மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஒன்று சொன்னது, வேறு சோதனைகள் வேறொன்று சொல்லின. வீதியோரத்தில் தண்ணீர்த் தாங்கி வைத்தார்கள், பவுசர் வந்தது. ஒரு பக்கம் ‘குடிக்கலாம்’, மறுபக்கம் ‘குடிக்காதே’. பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்ற தாய்மாருக்கு இரண்டு அறிக்கையையும் ஒப்பிட்டுச் சொல்ல, தங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கவில்லை. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே மின்சார நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஒருமுறை சோதிக்கக் கொடுத்தேன். எங்கே என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றரை மாதம் கழித்து வந்த தாளில் ஒரே ஒரு வரி: ‘பாவனைக்கு உகந்தது.’ எதைச் சோதித்தார்கள், எவ்வளவு இருந்தது, எவ்வளவு வரைக்கும் இருக்கலாம், ஒன்றும் இல்லை. முத்திரை மட்டும் நன்றாகக் குத்தியிருந்தது.

மூன்றாவது வழி அந்த ஒரு வரிக்குப் பதில். ஊருக்கென்று ஒரு நிபுணர், ஊருக்கென்று மாதிரியில் ஒரு பங்கு.

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒன்றல்ல. நிபுணர் என்பது வாசித்துச் சொல்கிற ஆள். அமெரிக்காவில் லவ் கனால் என்ற இடத்தில் நச்சுக் கழிவுக்கு மேலே வீடும் பள்ளிக்கூடமும் கட்டப்பட்டிருந்தது 1978இல் பெரிய விவகாரமாகி, 1980இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. 1986இல் அதைத் திருத்தியபோது, பாதிக்கப்பட்ட ஊர்ச் சங்கம் தனக்கென்று ஒரு தொழில்நுட்ப ஆலோசகரை வைத்துக்கொள்ள 50,000 டொலர் வரை தொடக்க உதவி கிடைக்க வழிசெய்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் காசில் புதிதாக மாதிரி எடுத்துச் சோதிக்க முடியாது, வழக்குப் போடவும் முடியாது. மற்றவர்கள் எடுத்த இலக்கத்தை விளங்கிக்கொள்ள மட்டும்தான். எங்கள் பாஷையில் சொன்னால், வியாபாரியின் மெஷினில் வந்த பதினாறைச் சரியாக வாசிக்கத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம், உங்கள் மெஷினைக் கொண்டுபோக முடியாது.

தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் கைத்தொழில் பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்ப் பெடியள் மறுபக்கம் போனார்கள். 2004 அளவில் பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துத் தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். நாற்றம் வந்த நேரம், காற்றின் திசை, எந்த மாதிரி வாடை என்று கொப்பியில் எழுதி வைத்தார்கள். சொந்த மெஷின். ஆனால் அது வேலிக்கு வெளியே நின்று செய்கிற வேலை. உள்ளே எந்தக் குழியைத் தோண்டுகிறார்கள் என்று வேலிக்கு வெளியே இருந்து பார்க்க முடியாது. செலவும் கொஞ்சமல்ல.

பரந்தனுக்கு இரண்டும் சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். செய்ய முடியாத காரியமும் இல்லை. வேலைக்காரர்கள் மாதிரி எடுக்கும்போது ஊர் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பார். எடுத்த மண்ணைக் கலந்து மூன்றாகப் பிரித்து மூன்று போத்தலில் போட்டு, மூன்றுக்கும் இரு தரப்பும் கையெழுத்து வைத்து ஒட்ட வேண்டும். ஒன்று அவர்களின் ஆய்வுகூடத்துக்கு. ஒன்று ஊர் சொல்லும் ஆய்வுகூடத்துக்கு. மூன்றாவது குளிரில் காத்திருக்கும், இரண்டு பதிலும் ஒத்துவராவிட்டால் மட்டும் திறக்க. எல்லாக் குழிக்கும் இது தேவையில்லை, பத்தில் ஒன்றுக்குச் செய்தாலே போதும். எந்தப் பத்தில் ஒன்று என்பதை ஊர் அந்த இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும், முதல் நாளே அறிவித்தால் பிரயோசனமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அறிவியல் நகரில் இருக்கின்றன, பரந்தனிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மீன் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் விட்டால் காலையில் கொழும்பு. மண்ணுக்கும் அதே 28 நாள் கணக்கை வைத்தால் எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்றாவது போத்தலையும் அந்த நாளுக்குள் திறந்தாக வேண்டும் என்பதால், அவர்களின் முடிவு இரண்டு கிழமைக்குள் ஊருக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

சோதிக்கிறவன் வேறு, துப்பரவு செய்கிறவன் வேறு என்ற பாடத்தை வன்னிக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியமரக் காத்திருந்த காலத்தில் மிதிவெடி எடுக்கிற நிறுவனங்கள் வந்தன. மண்டையோட்டுப் பலகை, சிவப்புத் தலைத் தடிகள், முழங்காலில் இருந்து மண்ணைத் தட்டித் தட்டிப் பார்க்கிற பெண்கள். அவர்கள் எடுத்து முடித்ததும் ‘முடிந்துவிட்டது’ என்று அவர்களே சொன்னால் போதாது. கண்ணிவெடி நடவடிக்கைக்கான அலுவலகத்திலிருந்து வேறு ஆட்கள் வந்து பார்த்து, பிறகுதான் நிலம் கையளிக்கப்படும். அதற்கு முன்னர் ஒருவரும் காலை வைப்பதில்லை. அந்த ஒழுங்கை அப்படியே இங்கேயும் கேட்டால், ‘ஏன் இப்படி?’ என்று யாரும் எங்களைக் கேட்க முடியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த ஒப்பீடு உதவாது, அதைச் சொல்லாமல் விட்டால் பிழை. வெடி அகற்றிய நிலத்தில் எடுத்தவரே நடந்து காட்டினால் அது ஒரு அத்தாட்சி, ஏனென்றால் பிழை இருந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். பாதரசத்துக்கு அப்படியில்லை. ஜப்பானில் மினமாட்டா நோய் 1956இல் வெளியே தெரிந்தது. 1959 டிசம்பரில் சிஸோ கம்பனி புதுச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றைத் திறந்து வைத்தது. அந்த விழாவில் கம்பனித் தலைவர், சுத்திகரித்த தண்ணீர் என்று ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினார். பாதரசம் வந்த கழிவு நீர் அந்த இயந்திரத்துக்குள் போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யாராவது எங்கள் முன்னால் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி முகர்ந்து காட்டினால் கை தட்டாமல் போத்தலைக் கேட்போம்.

மாதிரிப் பங்கோடு இன்னொரு உரிமையும் வேண்டும். குழியை மூடுவதற்கு முன்னர் நிறுத்தச் சொல்கிற உரிமை. தோண்டிய குழியின் அடியிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் எடுத்த மண்ணின் பதில் வரும்வரை மேலே மண் போடக்கூடாது. இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கடதாசி. மூடிய குழியைத் திரும்பத் தோண்ட எந்த அதிகாரியும் எழுதமாட்டார்.

அதோடு சேர்த்து மழை. இதைக் கொழும்பிலிருந்து வருகிற ஒருவரும் தாமாகச் சொல்லப்போவதில்லை. ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே வரும். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க முடியாது. கனகராயன் ஆறு போய்ச் சேர்வது சுண்டிக்குளம் பக்கத்து நீரேரியில். திறந்த குழியோடு மாரி வந்தால் அழுக்கை மீன் இருக்கிற இடத்துக்கு நாங்களே வழியனுப்பி வைத்தது போலாகும். ஆகவே தோண்டுவது சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில்தான். ஆனால் அதுதான் சோளகம் அடிக்கிற காலம், தூசி வடகிழக்குப் பக்கத்து வீடுகளுக்குப் போகும். மண்ணை நனைத்து வைப்பது, காற்று மிஞ்சினால் வேலையை நிற்பாட்டுவது, லொறியை மூடி அனுப்புவது, இவையெல்லாம் ஊர் ஆள் வாசலில் நின்று பார்த்துக் கொப்பியில் எழுதக்கூடிய விஷயங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. கிணற்று நீரையும் கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை எடுக்க வேண்டும். ஒருமுறை மட்டும் எடுத்தால் எந்தக் காலத்தில் எடுத்தால் நல்ல பதில் வருமோ அந்தக் காலத்தில்தான் எடுக்கப்படும்.

நான்காவது வழி நீதிமன்றம். சுருக்கமாகவே சொல்கிறேன். வெல்லலாம், சுன்னாகம் வென்றது. கேரளத்தில் ஏலூரில் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு 2004இல் உள்ளூர்ச் சுற்றாடல் குழு ஒன்றையே அமைத்துக் கொடுத்தது. ஆனால் கொடைக்கானலைப் பாருங்கள். தெர்மோமீற்றர் தொழிற்சாலையின் உடைந்த பாதரசக் கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊரவர் 2001 மார்ச்சில் கண்டுபிடித்தார்கள், தொழிற்சாலை மூடியது. 2003இல் 290 தொன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. அங்கே வேலை செய்த 591 பேருக்கும் தொழிற்சாலைக்காரரான யூனிலீவருக்கும் உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தமாக்குவது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாமா கூடாதா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. அந்த இலக்கத்தை முதலில் தீர்க்காமல் விட்டால் துப்பரவு முடிந்ததா இல்லையா என்பதே முடிவில்லாத கதையாகிவிடும். தொழிற்சாலைக்கு ஒரு அளவு, வீட்டு வளவுக்கு ஒரு அளவு, வயலுக்கு ஒரு அளவு. எங்கள் நிலத்துக்கு எந்த அளவு என்று மண்வெட்டி படுவதற்கு முன்னரே எழுத்தில் வாங்க வேண்டும். நீதிமன்றத்தைக் கைவிடச் சொல்லவில்லை, எழுதியதை மீறினால் போகிற இடமாக அது இருக்கட்டும்.

அப்ப என் முடிவு மூன்றாவது வழி, ஆனால் இரண்டாவதின் கதிரையில் இருந்துகொண்டு. குழுவுக்குக் கூப்பிட்டால் போவோம். போகும் முன்னர் நான்கு விஷயம் எழுத்தில் வேண்டும்: மாதிரியில் பங்கு, மூடுமுன் நிறுத்தும் உரிமை, சுத்தத்தின் அளவு, ஊர் தெரிவுசெய்யும் ஆலோசகர். அவருக்கான காசு துப்பரவுச் செலவிலிருந்தே வரட்டும், ஆனால் ஆளை வைப்பதும் எடுப்பதும் ஊரின் கையில். பல்கலைக்கழகத்து ஆட்களும் அரச சம்பளம்தானே, நிலமும் அரசாங்கத்தினுடையதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் மூன்றாவது போத்தல்.

எழுதித் தரமாட்டோம் என்றால்? கதிரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடலூர்ப் பெடியள் மாதிரி வேலிக்கு வெளியே கொப்பியோடு நிற்பது மேல். வெளியே நிற்கிறவனின் கையெழுத்தையாவது யாரும் காட்ட முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. உற்பத்தி நடந்த காலத்தில் முப்பது வயதில் வேலை செய்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எந்தக் கட்டடம் எங்கே இருந்தது, கழிவுத் தண்ணீர் எந்தப் பக்கம் போனது, சேற்றை எங்கே கொட்டினார்கள் என்ற வரைபடம் அவர்களின் தலைக்குள் இருக்கிறது. போன மாதம் அப்படி ஒரு ஐயாவைக் கண்டேன். சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு நின்று கதைத்தார்.

“ஐயா, இப்ப உள்ளுக்க விட்டா இடங்களைக் காட்டுவீங்களோ?”

“கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்து காட்டுவன் தம்பி. ஆனா முழங்கால் ஏலாது. கெதியாக் கூட்டிக்கொண்டு போ.”

உள்ளே போக அனுமதி எப்போது வருமோ தெரியாது. ஒரு பெரிய வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவதாக இருக்கிறேன்.